மூணு மில்லியும் கொஞ்சமும்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டிலிருந்து
எங்கள் கண்ணாடிக் கடைக்கு நூற்றிருபது அடி.
மேற்கேயிருந்து வருகிறவர் கேட்டால்
முப்பத்தாறு மீட்டர் என்பேன்.
மீதி அரை மீட்டர் சொச்சத்தில்
என் ஸ்கூட்டி நிற்கிறது.

கிழக்கத்திக்காரர்களுக்கு அடி, அங்குலம், நூல்.
பாலக்காட்டுப் பக்கம் சென்டிமீட்டர்.
பிரபாகரன் ஆசாரி
வீட்டைக் கோலிலும் விரலிலும் அளந்துவிட்டு
ஜன்னலுக்கு வரும்போது டேப்பைப் புரட்டிப் பிடிப்பார்.
கண்ணாடியின் கனத்துக்கு மட்டும் எல்லைத் தகராறு கிடையாது.
நீளம் எந்த ஊர்க் கணக்கானாலும்
கனம் மூணு எம்எம், நாலு எம்எம், அஞ்சு எம்எம்.

பிகாஷ் ஒடிசாக்காரன்.
வந்த முதல் வாரம் 'தீன் சூத்' என்றான்.
சூத் என்றால் என்னடா?
சட்டைப் பித்தானில் தொங்கிய இழையை
இழுத்துக் காட்டினான்.
அட, மூணு நூல்!
அன்றைக்கு முழுக்க எங்களுக்கு
வேறு பாஷை வேண்டியிருக்கவில்லை.

அங்குலம் கப்பலில் வந்ததாம்.
வந்த இடத்தில் அதற்குப் பாய் விரித்தே கிடந்தது:
அரை, கால், அரைக்கால், வீசம் என்று
பாதியைப் பாதியாக்கிப் பழகிய வாய்.
அரைக்கால் அங்குலம் ஒரு நூல்.
மில்லியோ பத்துப் பத்தாகப் படி இறங்குவது.
இரண்டும் ஒரே படியில் கால் வைக்க
நாற்பது நூல் காத்திருக்க வேண்டும்,
நூற்றிருபத்தேழாவது மில்லிவரை.
அதுவரை யாருக்குப் பொறுமை?
நூலுக்கு மூணு மில்லி என்று சொல்லிவிடுவேன்.
புள்ளிக்குப் பின்னால் ஒன்று ஏழு ஐந்து
யார் வீட்டு ஜன்னலிலாவது காற்றாக நுழையும்.

ஆடியில் கோயம்புத்தூர் போய் ஸ்கேன் எடுத்தேன்.
கருப்பையில் கட்டி.
முப்பத்திரண்டுக்கு இருபத்தெட்டு எம்எம்.
சின்னதுதான், ஆறு மாசம் விட்டுப் பார்க்கலாம்
என்றார் டாக்டரம்மா.
சின்னது என்பது எந்த ஊர் அளவு?
பஸ்ஸில் கே.ஜி. சாவடி வரும்வரை
தலைக்குள் டேப் ஓடியது.
ஒரு அங்குலம் ரெண்டு நூல்.
குறுக்கே, ஒரு அங்குலம் ஒரு நூலுக்குக்
கொஞ்சம் குறைய.

கடை திறந்து
மூணு எம்எம் வெட்டுத்துண்டு ஒன்றை எடுத்து
அந்த அளவுக்கே கீறி ஒடித்தேன்.
விளிம்பை உப்புத்தாளில் தேய்த்தேன்.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால்
கைரேகை தெரிந்தது, அவ்வளவுதான்.
கல்லாவில் சில்லறைக்குப் பக்கத்தில் போட்டேன்.
சிக்கந்தரிடம் எந்தக் கணக்கிலும் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஆசாரி சித்தூருக்கு ஒரு ஜன்னல் கேட்டார்.
உயரம் அறுபத்தொண்ணு சென்டி.
ரெண்டடி என்று எழுதினேன்,
சட்டத்துக்குள் தாராளமாக இறங்க ஒரு நூல் கழித்தேன்.
அதை அவர் முன்பே கழித்துத்தான் சொல்லியிருந்தார்.
சட்டையை இரண்டு தையற்காரர் பிடித்த கதை.

பொருத்தப் போன பிகாஷ்
சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தான்.
"ஒரு சூத் குறைந்தது தீதீ.
பாதியில் வந்து முட்டுக் கொடுக்கத் துண்டு தேடினேன்,
நீங்கள் அசர் தொழுகையில் இருந்தீர்கள்.
கல்லாவில் கிடந்ததே சின்னது,
அதை அடியில் வைத்தேன். அசையவேயில்லை."

மீதியை என்னடா செய்தாய் என்றேன்.
மீதியா? பட்டி வைத்துப் பூசியாச்சு.

அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.
எனக்குப் போட்டதில் சர்க்கரை மறந்திருந்தேன்.

சித்தூரில் யாரோ அந்த ஜன்னல் வழியாக
மழை வருகிறதா என்று பார்ப்பார்கள்.
கண்ணாடியின் பாரம் எதன் மேல் நிற்கிறது என்று
ஜன்னலைக் கேட்கிறவர் உண்டா.

தையில் மறுபடி ஸ்கேன்.
வளர்ந்திருந்தால் ஒத்துப் பார்க்கக்
கையில் துண்டு இல்லை.
வேறொன்று வெட்ட நினைத்து
கட்டரை எண்ணெயில் தோய்த்தேன்,
யாரோ மீன்தொட்டிக்கு விலை கேட்டார்கள்.

சித்தூர் பஸ் பத்தே காலுக்கு.
எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் சொல்வேன்.
மைலில் இப்போது யாரும் கேட்பதில்லை.